மூன்று அணுத் தடிப்பு

சென்ற மாதம் கிளிநொச்சியில் ஏ9 வீதியோரக் கணினி திருத்தும் கடையொன்றில் பழுதான வன்தட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, உயர்தரப் பௌதிகவியல் வகுப்பில் மாணவர் முன்னிலையில் திறந்தேன். மூடியைக் கழற்றியதும் முகம் தெரியும் அளவுக்குப் பளபளத்த தட்டும், அதன்மேல் நீண்டிருந்த மெல்லிய கையும், கையின் நுனியில் மிளகிலும் சிறிய கரிய துண்டும் தெரிந்தன. "சேர், இதுக்குள்ள காந்தம் எங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள். கையை அசைக்கும் நியோடிமியக் காந்தத்தைக் கழற்றிக் கொடுத்தேன். அது திருகாணிச் சாவியை இறுகப் பற்றிக்கொண்டது. ஆனால் நான் காட்ட நினைத்த காந்தம் கண்ணுக்குப் படாதது. அது அந்தக் கரிய நுனியிலும் தட்டின் மேற்பரப்பிலும் நானோமீற்றர் கணக்கில் படிந்திருக்கிறது. ஒரு நானோமீற்றருக்குள் இரும்பு அணுக்கள் ஏறத்தாழ ஏழு அடுக்குகளாக அடங்கும்.

முல்லைத்தீவுக் கரையின் கருமணலில் காந்தத்தை இழுத்து விளையாடாத பிள்ளை எங்கள் பக்கத்தில் குறைவு. ஒட்டும் மணி ஒட்டும், ஒட்டாதது ஒட்டாது. காந்தத்தன்மை பொருளுக்கே உரிய குணம் என்ற எண்ணம் அங்கேயே மனதில் பதிந்துவிடுகிறது. அணுக்கணக்கில் மெல்லிய உலோகப் படலங்களில் அது பாதி உண்மைதான். எந்த உலோகம் என்பதோடு, எத்தனை அணுத் தடிப்பில், எவ்வளவு சீராகப் படியவைக்கப்பட்டது என்பதும் சேர்ந்தே அதன் காந்தக் குணத்தை முடிவுசெய்கின்றன.

படலம் வளர்ப்பதன் முதற் சிக்கல் காற்று. வளிமண்டல அமுக்கத்தின் நூறு கோடியில் ஒரு பங்கு அமுக்கத்தில்கூட, எஞ்சிய வாயு மூலக்கூறுகள் சுத்தமான மேற்பரப்பொன்றை ஏறத்தாழ ஒரு செக்கனில் முழுதாக மூடிவிடக்கூடியவை. ஆகவே அதிலும் பத்தாயிரம் மடங்கு குறைந்த அமுக்கத்துக்கு இறங்கினால்தான் மூன்று மணித்தியாலம் அளவில் அவகாசம் கிடைக்கும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தைச் சூடாக்கி, அதன் ஆவியை அடித்தளத்தின்மேல் மெல்ல மெல்லப் படியவிடுவார்கள். தாமரை இலையில் விழுந்த தண்ணீர் திரண்டு நிற்கும். மெழுகிய திண்ணையில் விழுந்தது பரவும். உலோக அணுக்களும் அப்படித்தான்: அடித்தளத்தோடு ஒட்டும் ஆற்றல் போதாவிட்டால் தீவு தீவாகத் திரளும், போதுமானால் அடுக்கடுக்காகப் பரவும். அடித்தளம் குளிர்ந்திருந்தால் அணுக்கள் விழுந்த இடத்திலேயே நின்று மேடுபள்ளம் உண்டாகும். அதிகம் சூடானால் ஓர் உலோகம் மற்றதோடு கலந்துவிடும். விதைப்புக்கு முன் வயலுக்குப் பலகையடித்தவர்களுக்கு இந்த மட்டத்தின் அருமை தெரியும். வளரும் மேற்பரப்பைத் தடவிச் செல்லுமாறு இலத்திரன் கற்றையொன்றைச் செலுத்தினால், ஒவ்வோர் அடுக்கு நிறைவுறும்போதும் தெறித்து வரும் கற்றையின் ஒளிர்வு ஒருமுறை ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கங்களை எண்ணியே தடிப்பை அணுக்கணக்கில் சொல்லலாம். இந்தத் துறையில் என்னை மிகவும் ஈர்த்தது இதுவே.

இரும்பும் குரோமியமும் இதற்கு இசைந்த சோடி. பளிங்கில் அணுக்களின் ஒழுங்கு திரும்பத் திரும்ப வரும் அலகு நீளங்களும் இரண்டிலும் 0.287, 0.288 நானோமீற்றர் என்று ஏறத்தாழப் பொருந்துகின்றன. இரு இரும்புப் படலங்களுக்கு நடுவே தக்க தடிப்பில் குரோமியத்தை வைத்தால், அவ்விரண்டும் தாமாகவே எதிரெதிர்த் திசைகளில் காந்தமாகின்றன என்பதை 1986இல் ஜேர்மனியின் யூலிக் நகரில் பீற்றர் குறுன்பேர்க் குழுவினர் காட்டினர். 1988இல் அவரும், பாரிஸ் அருகே ஓர்சேயில் அல்பேர் ஃபேர் குழுவினரும், ஒருவரையொருவர் சாராமல், இத்தகைய அடுக்குகளின் மின்தடையில் காந்தப் புலத்தால் பெரிய மாற்றம் வருவதைக் கண்டனர். ஒவ்வோர் இலத்திரனும் சுழற்சி என்ற குணத்தால் ஒரு சிறு காந்தம்போல் நடந்துகொள்ளும்; அது இருவகைப்படும். படலங்கள் எதிரெதிராக இருக்கையில் எந்தச் சுழற்சியுடைய இலத்திரனும் ஏதோவொரு படலத்தில் அதிகம் சிதறுகிறது. வெளிக்காந்தப் புலம் அவற்றை ஒரே திசைக்குத் திருப்பினால், ஒருவகைச் சுழற்சியுடைய இலத்திரன்களுக்கு வழி திறந்து தடை விழுகிறது. ஃபேர் குழுவினரின் 3 நானோமீற்றர் இரும்பும் 0.9 நானோமீற்றர் குரோமியமும் கொண்ட பல்லடுக்கில், 4.2 கெல்வினில் (ஏறத்தாழ −269 பாகை செல்சியஸ்), தடை ஏறத்தாழப் பாதியானது. 1990இல் பௌதிகவியலாளர் ஸ்ருவாட் பார்க்கின், நடு உலோகத்தின் தடிப்பைக் கூட்டிக்கொண்டே போனால் இரு காந்தப் படலங்களுக்கிடையிலான இணைப்பு ஒரே திசை, எதிர்த்திசை என்று மாறி மாறி அலைவதைக் கண்டார். அலைவின் நீளம் ஒன்று முதல் இரண்டு நானோமீற்றர் அளவே. அப்படியானால் நடுப்படலம் இரண்டு மூன்று அணு மேடுபள்ளமானாலும், ஓரிடத்தில் ஒத்தும் அடுத்த இடத்தில் எதிர்த்தும் நின்று விளைவு குலைந்துவிடும். ஃபேருக்கும் குறுன்பேர்க்குக்கும் கிடைத்த 2007ஆம் ஆண்டு பௌதிகவியல் நோபல் பரிசை வன்தட்டின் கதையாக மட்டும் சொல்வது எனக்கு ஒப்பாதது இதனால்தான். சீராக அடுக்கக் கற்றுக்கொண்ட கைகளின் கதையும் அதில் இருக்கிறது.

1997இல் கணினி நிறுவனமான ஐபிஎம், தட்டின் காந்தப் பதிவுகளை இந்த மின்தடை மாற்றத்தைக் கொண்டு வாசிக்கும் நுனியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2001இல் அதே நிறுவனம் தட்டிலேயே இரு காந்தப் படலங்களுக்கிடையில் மூன்று அணுத் தடிப்பில் ருத்தேனியம் என்ற உலோகத்தை வைத்தது. பதிவுகள் வெப்பத்தால் அழியாமல் நிலைக்க அது உதவியது.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கையில் அந்த மாணவி தட்டை விரலால் தொட்டுவிட்டாள். பதறி மன்னிப்புக் கேட்டாள். தேவையில்லை என்றேன். சாளரத்து வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தோம்: ரேகை தெளிவாகத் தெரிந்தது. அந்த எண்ணெய்ப் படிவு நான் அரைமணி நேரம் விளக்கிய குரோமியப் படலத்தைவிட எத்தனையோ மடங்கு தடித்தது. தட்டு இப்போது ஆய்வுகூட அலுமாரியில், அந்த ரேகையோடு இருக்கிறது.