பி.வி.சி. கலவைப் பயிற்சி: வாய்பாட்டிலிருந்து எக்ஸ்ட்ரூடர் வரை

பிளாஸ்டிக்கை உருக்கி அச்சின் வழியே குழாயாகத் தள்ளும் எக்ஸ்ட்ரூடரை இயக்குபவர்களும் அதற்குள் போகும் கலவையைத் தீர்மானிப்பவர்களும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது பெரும்பாலான பி.வி.சி. ஆலைகளில் அரிது. குழாயில் குறை வந்தால் இயக்குபவர் வெப்பநிலையை மாற்றுவார். கலவைப் பிரிவினர் மெஷின் சரியில்லை என்பார்கள். இயக்குபவர்கள் பக்கத்திலிருந்து கலவை தயாரிப்பும் பதப்படுத்தலும் குறித்த தொழிற்பயிற்சிக்குச் சென்றவன் நான். அதே பயிற்சிக்குப் போகவிருப்பவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் அங்கு கண்டவற்றை எழுதுகிறேன்.

முதலில் காகித வேலைதான், அதாவது கலவையில் எது எவ்வளவு என்ற வாய்பாட்டை எழுதுவது. அடிப்படைப் பிளாஸ்டிக் தூளான ரெசினை எப்போதும் 100 பங்காக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு இத்தனை பங்கு என்று எழுதும் முறை, சதவீதக் கணக்கில் பழகியவர்களுக்கு முதலில் குழப்பமாக இருக்கும்; ஆனால் வெப்பத்தில் சிதையாமல் காக்கும் ஸ்டெபிலைசரைக் கூட்டினாலும் நிரப்பியாகச் சேர்க்கும் ஃபில்லரைக் குறைத்தாலும் மற்ற எண்களைத் தொட வேண்டியதில்லை என்பது புரிந்தபின் வேறு முறையில் எழுதவே மனம் வராது. ரெசினின் மூலக்கூறு நீளத்தைக் குறிக்கும் கே-மதிப்பு எதற்கு என்பதும் இங்கேதான் தெளிவாயிற்று: குழாய்க்கு 65 முதல் 68 வரையிலும், அச்சில் உருகிப் பாய வேண்டிய ஃபிட்டிங்குகளுக்கு 57 முதல் 60 வரையிலும் தேர்ந்தெடுப்பது வழக்கம். ஃபில்லரான கால்சியம் கார்பனேட்டைக் கூட்டினால் செலவு குறையும் என்ற நம்பிக்கையையும் ஒரு கணக்கில் உடைத்தார்கள். ரெசினின் அடர்த்தி ஏறத்தாழ 1.4, கார்பனேட்டின் அடர்த்தி 2.7. மூலப்பொருளைக் கிலோ கணக்கில் வாங்கிக் குழாயை மீட்டர் கணக்கில் விற்பவருக்கு, ஒவ்வொரு மீட்டரின் எடையும் கூடிவிடுவதால், எதிர்பார்த்த மிச்சத்தில் ஒரு பகுதி அங்கேயே போய்விடுகிறது.

பி.வி.சி.யின் அடிப்படைச் சிக்கல், அதை உருக்கத் தேவையான வெப்பத்திலேயே அது சிதையவும் தொடங்கிவிடுவதுதான். சிதையும்போது வெளிவரும் ஹைட்ரஜன் குளோரைடு மேற்கொண்டு சிதைவைத் தூண்டுகிறது. பாடமாகப் படித்திருந்த இதை இரண்டு உருளை மில்லில் கண்ணால் பார்த்தோம். ஸ்டெபிலைசரின் அளவு மட்டும் வேறுபட்ட கலவைகளைத் தனித்தனியே சூடான உருளைகளில் ஓடவிட்டு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு சிறு துண்டை வெட்டி அட்டையில் வரிசையாக ஒட்டினோம். வெள்ளை, இளமஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு, கடைசியில் கருப்பு. ஒரு வரிசை பாதியிலேயே கருகிவிட, அடுத்தது இன்னும் மஞ்சளைக் கூடத் தொடவில்லை. ஈயம் சார்ந்த ஸ்டெபிலைசரிலிருந்து கால்சியம்-துத்தநாக வகைக்கு மாறுபவர்கள் ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை அதே அளவில் போட்டால் போதாது, உராய்வைக் குறைக்கும் லூப்ரிகன்ட்டுகளின் அளவையும் புதிதாகத் தீர்மானிக்க வேண்டும் என்று அந்த அட்டையை வைத்தே விளக்கினார்கள்.

தூள்களைச் சூடாக்கிக் கலக்கும் ஹாட் மிக்சர் வகுப்புக்கு அதிக நேரம் ஒதுக்கியிருந்தார்கள், அது நியாயமே. வேகமாகச் சுழலும் இறக்கைகளின் உராய்வே கலவையைச் சூடாக்குகிறது. ரெசினும் ஸ்டெபிலைசரும் முதலில், பிறகு லூப்ரிகன்ட்டாகச் சேரும் மெழுகுகள், அதன்பின் ஃபில்லரும் டைட்டானியம் டை ஆக்சைடும் என்று போட்டு, 115 முதல் 120 டிகிரி செல்சியஸில் கூலருக்குத் திறந்துவிட்டு, 50 டிகிரிக்குக் கீழே கொண்டுவந்த பிறகே சேமிக்கிறார்கள். சரியாக ஆறாமல் மூட்டை கட்டினால் தூள் கட்டிதட்டிவிடும். கேபிள் உறை போன்ற மென்மையான வகையில் இந்த வரிசை இன்னும் முக்கியம்: மென்மையூட்டும் எண்ணெயான பிளாஸ்டிசைசரை ரெசின் முழுவதும் உறிஞ்சிக்கொள்ளும் முன் ஃபில்லரைப் போட்டால், எண்ணெயில் ஒரு பங்கை ஃபில்லர் பிடித்துக்கொள்ளும். உறிஞ்சி முடிந்ததா என்பதை மோட்டாரின் ஆம்பியர் குறைவதில் அறியலாம். நாங்கள் ஒரு பிடி தூளைக் காகிதத்தில் வைத்து அழுத்தி எண்ணெய்க் கறை படிகிறதா என்றும் பார்த்தோம்.

எனக்கு மிகவும் பயன்பட்டது எக்ஸ்ட்ரூடரின் வென்ட் துளையைப் பார்க்கக் கற்றதுதான். இத்தனை காலம் அதைக் காற்றையும் ஈரத்தையும் வேக்குவம் உறிஞ்சும் இடமாக மட்டுமே கருதியிருந்தேன். அங்கே பொருள் பாதி உருகி, உதிரியான கட்டிகளாக பொருளைத் தள்ளும் ஸ்க்ரூவின் பள்ளங்களில் ஒட்டிக்கொண்டு நகர வேண்டும். இன்னும் தூளாகவே இருந்தால் வேக்குவம் அதை இழுத்துத் தன் உறிஞ்சு குழாயை அடைத்துவிடும்; முழுவதும் உருகியிருந்தால் துளை வழியே மேலே பொங்கும். தூளாக வருவதற்கு ஸ்க்ரூ சுழலும் உருளையான பேரலின் வெப்பக் குறைவும் காரணமாகலாம், உருகும் பொருள் உலோகத்தில் ஒட்டாமல் வழுக்கச் செய்யும் புற லூப்ரிகன்ட் மிகுந்து உருகல் தள்ளிப்போனதும் காரணமாகலாம். எது என்பதை, கலவையைச் சூட்டில் பிசைந்து அதன் முறுக்கு எதிர்ப்பை அளக்கும் டார்க் ரியோமீட்டரின் வரைபடம் காட்டியது. ஒரே வெப்பநிலையில் ஓட்டிய இரு கலவைகளில், புற லூப்ரிகன்ட்டான பாரஃபின் மெழுகு கூடுதலாக இருந்ததன் உருகல் முகடு வெகுவாகப் பின்தங்கியிருந்தது. அப்படிச் சரியாக இணையாத பொருளில் செய்த குழாயைப் பார்த்தால் குறை தெரியாது. டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானில் ஊறவைத்தபோது அதன் சுவர் உப்பிச் செதில் செதிலாக உரிந்தது.

பாதுகாப்புப் பகுதியைச் சுருக்கமாகவே முடித்துவிட்டார்கள், இன்னும் விரிவாக நடத்தியிருக்கலாம். டைகுளோரோமீத்தேனின் ஆவியைச் சுவாசிக்கக் கூடாது. சூடான பேரலில் பி.வி.சி.யை விட்டுவிட்டு மெஷினை நிறுத்தக் கூடாது. அசிட்டால் என்ற வேறொரு பிளாஸ்டிக் ஓடிய பேரலை முழுவதும் சுத்தம் செய்யாமல் பி.வி.சி.யை ஏற்றவே கூடாது, ஏனெனில் வெளிவரும் அமிலம் அசிட்டாலைக் கடுமையாகச் சிதைத்து ஃபார்மால்டிஹைடு வாயுவையும் ஆபத்தான அழுத்தத்தையும் உண்டாக்கும்.

முடிவுத் தேர்வில் எளிதில் நொறுங்கும் ஒரு குழாய்த் துண்டையும் அதன் வாய்பாட்டையும் உற்பத்திப் பதிவேட்டையும் கொடுத்துக் காரணம் கேட்டார்கள். பதிவேட்டில் வெப்பநிலைகள் ஒழுங்காக இருந்தன. மோட்டாரின் ஆம்பியர் மட்டும் வழக்கத்தைவிடக் குறைந்திருந்தது, அதாவது பொருள் சரியாக உருகி இணையவில்லை. வாய்பாட்டில் மெழுகின் அளவைக் குறைத்து எழுதிக் கொடுத்தேன். அந்தத் திருத்திய வாய்பாட்டை ரியோமீட்டரில் ஓட்டிப் பார்த்த பிறகே மதிப்பெண் போட்டார்கள்.