‘நம்ம ஊரு வெயில்தானே’ என்று தாய்லாந்து கிளம்பும் சித்தப்பாக்களுக்கு

தாய்லாந்து போகும் எந்தக் குடும்பக் குழுவிலும் ஒரு சித்தப்பா இருப்பார். “நம்ம ஊரு வெயில்தானே, நமக்கென்ன புதுசா?” என்பதுதான் அவருடைய மொத்தப் பயணத் திட்டம். ஸ்வெட்டர் எடுக்க வேண்டாம் என்ற அளவில் அவர் சொல்வது சரி. அதற்கு மேல் அவரை நம்ப வேண்டாம்.

முதல் சறுக்கல் டிக்கெட் எடுக்கும்போதே நடக்கும். ஜூன் மாதம் பூக்கெட் பேக்கேஜ் மலிவாகக் கிடைத்தது என்று குதிப்பார். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை பூக்கெட் இருக்கும் அந்தமான் கடல் பக்கத்தில்தான் அடிக்கும். கரையில் சிவப்புக் கொடி, கடலில் ஆளுயர அலை. அதே கடலில் இருக்கும் சிமிலான் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடியே வைத்துவிடுவார்கள். கிழக்கே தாய்லாந்து வளைகுடாவில் இருக்கும் சாமுய் தீவுக்கோ அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெருமழை. மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை: கேரளாவில் மழை கொட்டினால் பூக்கெட்டில் கொட்டும், சென்னையில் கொட்டினால் சாமுயில் கொட்டும். இந்தச் சூத்திரம் வெள்ளைக்காரருக்குப் புரியாது, நமக்கு எல்.கே.ஜி. பாடம்.

விசா விதி அடிக்கடி மாறுகிறது. போன வருஷம் போய்வந்த மைத்துனர் சொன்னதை விட்டுவிட்டு, தூதரகத் தளத்தைப் பாருங்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்கட்டும். 2025 மே முதல் டிஜிட்டல் வருகை அட்டையும் உண்டு. இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள், குழந்தை உட்பட ஆளுக்கு ஒன்று நிரப்ப வேண்டும். தாய்லாந்து இமிக்ரேஷன் தளத்தில் இது இலவசம். பணம் கட்ட பேங்க் கார்டு நம்பர் கேட்டால் நீங்கள் வேறு யாருடைய தளத்திலோ மாட்டியிருக்கிறீர்கள்.

அடுத்தது பெட்டி. ஊறுகாயும் நெய்யும் கைப்பையில் போனால் செக்யூரிட்டியோடு நின்றுவிடும். அவை செக்-இன் பெட்டிக்குத்தான். அழுத்தி மூடும் டப்பா மேலே போனதும் எண்ணெய் கக்கும், பட்டுப்புடவை மாவடு வாசம் வீசும். திருகுமூடி பாட்டிலில் போட்டு, வாய்க்கு ஒரு பாலித்தீன் தாள் வைத்து இறுக்கி, அதை இன்னொரு பைக்குள் கட்டுங்கள். சித்தி ஆசையாக வைக்கும் கொப்பரைத் தேங்காயை செக்-இன்னிலும் விடமாட்டார்கள். அதில் எண்ணெய் அதிகம், எளிதில் தீப்பிடிக்கும். பவர் பேங்க் மட்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், 100 வாட்-ஹவருக்குள். மேலே 20,000 எம்.ஏ.எச். என்று போட்டிருந்தால் சுமார் 74 வாட்-ஹவர், பயமில்லை.

அங்கேயும் 220-230 வோல்ட்தான். போன் சார்ஜரின் இரண்டு உருண்டைக் கம்பி பெரும்பாலும் நுழைந்துவிடும். சாதம் வடிக்க எடுத்துப்போகும் குட்டிக் குக்கரின் மூன்று பின் நுழையாது. அடாப்டரை இங்கேயே வாங்கிக்கொள்வது நல்லது. ராத்திரி பதினொரு மணிக்கு ஹோட்டல் ரிசப்ஷனில் சைகையால் மூன்று பின் காட்டுவது அழகாக இருக்காது.

சைவக்காரர்களின் சோதனை இனிமேல்தான். ‘வெஜிடேரியன்’ என்றால் தலையாட்டிவிட்டுக் காய்கறிப் பொரியலில் ‘நாம் ப்ளா’ ஊற்றுவார்கள். அது மீன் சாஸ். அவர்களுக்கு அது நம் உப்பு மாதிரி, மாமிசக் கணக்கில் வராது. பப்பாளிக்காய் சாலட்தானே என்று ‘சோம் தம்’ கேட்டால் அதில் காய்ந்த இறாலும் இருக்கும். சொல்ல வேண்டிய சொல் ‘ஜே’. மஞ்சள் கொடியில் சிவப்பில் எழுதியிருப்பார்கள், நம் கண்ணுக்கு 17 மாதிரித் தெரியும். அந்தக் கடையில் மீன், முட்டை, பால், ஏன், வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. பாட்டியே உட்கார்ந்து சாப்பிடலாம். எதுவும் அகப்படாவிட்டால் ‘காவ் ப்ளாவ்’, அதாவது வெறுஞ்சோறு, வாங்கிப் பருப்புப்பொடி போட்டுப் பிசைய வேண்டியதுதான்.

காரத்தில் வீரம் வேண்டாம். “ஆந்திராவையே பார்த்தவன்” என்று சித்தப்பா கைநிறைய அள்ளும் அந்தக் குட்டி மிளகாயின் பெயர் ‘ப்ரிக் கீ நூ’. தமிழில் சொன்னால் எலிப்புழுக்கை மிளகாய். பெயரைப் பார்த்து இளக்காரம் செய்தவர்கள் நாக்கை வெளியே தொங்கவிட்டபடி தண்ணீர் தேடுவார்கள். காரம் தண்ணீரில் கரையாது, வாய் முழுக்கப் பரவத்தான் செய்யும். பால், தயிர், இல்லையென்றால் ஒரு வாய் சோறு. முன்கூட்டியே ‘மாய் பெட்’ (காரம் வேண்டாம்) என்று சொல்லிவிட்டால் மானம் மட்டும்தான் போகும்.

பணம். நம் கார்டை ஏ.டி.எம்.மில் போட்டால் ஒவ்வொரு தடவையும் பெரும்பாலும் 220 பாத்துக்குக் (பாத் அந்த ஊர்ப் பணம்) குறையாமல் கட்டணம் போகும். ஆயிரம் ஆயிரமாக எடுப்பவர் அந்த ஊர் வங்கிக்கு மொய் எழுதுகிறார். ‘ரூபாயில் கணக்கிடவா?’ என்று திரை கேட்டால் மறுத்துவிடுங்கள், பாத்திலேயே போகட்டும்.

பாங்காக் அரண்மனை வாசலில் டிப்டாப்பாக ஒருவர் வந்து, “இன்று மூடியிருக்கிறது, 20 பாத்துக்கு ஆட்டோவில் ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன்” என்பார். அந்த ஆட்டோ நேராக ரத்தினக்கல் கடையில்தான் நிற்கும். டிக்கெட் கவுன்ட்டரைக் கண்ணால் பார்க்கும்வரை நம்பாதீர்கள். காலை 8.30 முதல் மாலை 3.30 வரை டிக்கெட், வெளிநாட்டவருக்கு 500 பாத். அரை டிராயரோடு போனால் நிஜமாகவே உங்களுக்கு மூடியதுதான். முழங்காலும் தோளும் மறைய வேண்டும்.

ஜீன்ஸ் ஈரமானால் இரண்டு நாள் காயாது, தொடையை உரசிப் புண்ணாக்கும். மெல்லிய பருத்தி பேன்ட் போதும். ஏ.சி. அறையிலிருந்து கேமராவோடு வெளியே வந்தால் லென்ஸ் பனிமூட்டமாகும். ஜிப் பையில் மூடி வெளியே கொண்டுவந்து அரைமணி கழித்துத் திறக்கலாம். டெங்குக் கொசு அங்கேயும் பகலில்தான் கடிக்கும். முதலில் சன்ஸ்க்ரீன், அது காய்ந்தபின் கொசு க்ரீம். மாற்றிப் பூசினால் பலன் குறையும்.

பாங்காக்கில் சாமி கும்பிட வேண்டுமானால் சிலோம் பகுதியில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, 19ஆம் நூற்றாண்டில் தமிழர் கட்டியது. டாக்சிக்காரரிடம் மாரியம்மன் என்றால் விழிப்பார். ‘வாட் கேக்’ என்றால் உடனே புரியும். பிறந்தநாள் கேக் இல்லை, ‘விருந்தாளி’ என்று அர்த்தம்.

திரும்பும்போது டிக்கெட்டில் உள்ள மூன்றெழுத்தைப் பாருங்கள். பி.கே.கே. ஊருக்குக் கிழக்கே, டி.எம்.கே. வடக்கே. கட்சி இல்லை, டான் மியாங் விமான நிலையம். பி.கே.கே.யின் பெயர் சுவர்ணபூமி. அதைச் சித்தப்பா சமஸ்கிருத சுத்தமாக எத்தனை தடவை உச்சரித்தாலும் டிரைவருக்குப் புரியாது. ‘சுவன்னபூம்’ என்று பாதியை முழுங்கிச் சொல்ல வேண்டும், மீட்டர் போடச் சொல்ல வேண்டும், விமானம் கிளம்ப மூன்று மணி நேரம் இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும்.