கார்த்திகை அடைமழைக்குக் கணக்குப் போடுங்கள்: தோட்டத்து வீட்டுக்கான தனி சோலார்

மின்கம்பம் எட்டாத தோட்டத்து வீட்டுக்கு சோலார் போடுகிறவர்கள் பெரும்பாலும் சித்திரை வெயிலைப் பார்த்தே கணக்குப் போட்டுவிடுகிறார்கள். ஒரு கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு நான்கு யூனிட் தரும், வீட்டுக்கு நான்கு யூனிட் போதும், ஆக ஒரு கிலோவாட் போதும் என்று முடித்துவிடுவார்கள். வடகிழக்குப் பருவமழை இந்தக் கணக்கைக் கலைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடிய நாளில் அதே ஒரு கிலோவாட் ஒன்றரை, இரண்டு யூனிட் தந்தாலே நல்லது. விடாத அடைமழையில் அரை யூனிட்டுக்கும் இறங்கும். பேட்டரி பாதி சார்ஜிலேயே வாரக்கணக்கில் கிடக்கும். லெட் ஆசிட் பேட்டரியாக இருந்தால் அப்போதுதான் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகுகிறது. அடுத்த கோடையில் எவ்வளவு வெயில் அடித்தாலும் அது முழுதாகக் கரையாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசலில் ஈபி லைன் இருக்கிறவர்களுக்கு இந்த முறை வேண்டாம். 2024-ல் வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு, ஆனால் அது லைனோடு இணைந்த சோலாருக்கு மட்டும். பேட்டரி வைத்துத் தனியாக ஓடும் முறையில் செலவு கூடுதல், பராமரிப்பும் கூடுதல். லைன் இழுக்கவே வழியில்லாத இடத்துக்குத்தான் இது.

முதலில் ஒரு தாளை எடுத்து லோடு எழுத வேண்டும். சிறு குடும்பம் ஒன்றின் கணக்கு இப்படி வரும். 30 வாட் பிஎல்டிசி ஃபேன் (மின்சாரம் குறைவாகத் தின்னும் வகை) மூன்று, பத்து மணி நேரம் ஓடினால் 0.9 யூனிட். 9 வாட் எல்இடி எட்டு, ஐந்து மணி நேரத்துக்கு 0.36. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் சுமார் 0.7. 32 இஞ்ச் டிவி நான்கு மணி நேரம், 0.18. ரவுட்டர் நாள் முழுக்க எரிந்தால் 0.24. போன், லேப்டாப் சேர்த்து 0.2. மிக்ஸி பத்து நிமிடம், 0.13. வாஷிங் மெஷின் அரை மணி, 0.2. மொத்தம் 2.9 யூனிட் வருகிறது.

இதோடு நிறுத்திவிடுவதுதான் வழக்கம். இன்வெர்ட்டர் தானே தின்கிற மின்சாரத்தை யாரும் எழுதுவதில்லை. ஒரு பல்பு கூட எரியாவிட்டாலும் 3 கிலோவாட் இன்வெர்ட்டர் 40 வாட் அளவுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். 24 மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு யூனிட். அந்த வீட்டில் ஃபிரிட்ஜைவிட அதிகம் தின்பது இதுதான். அதனால்தான் "எதற்கும் இருக்கட்டும்" என்று 5 கிலோவாட் வாங்காதீர்கள் என்கிறேன். பெரிய இன்வெர்ட்டரின் சொந்தச் செலவும் பெரிது. மாற்றும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் நம் வீட்டுக்கு நாளொன்றுக்கு நான்கு யூனிட்டுக்குச் சற்று மேல். இதில் மாலை ஆறிலிருந்து காலை ஏழு வரை ஓடுவது இரண்டரை யூனிட். பேட்டரி அளவைத் தீர்மானிப்பது இந்த இரண்டரைதான்.

பழைய 75 வாட் ஃபேனை மாற்றாமல் சோலார் போடுவது வீண் செலவு. மூன்று ஃபேனை மாற்றினால் தினமும் 1.3 யூனிட் மிச்சம். அதே 1.3 யூனிட்டைப் பேனலிலும் பேட்டரியிலும் ஈடுகட்ட அதைவிடப் பல மடங்கு செலவாகும். இண்டக்‌ஷன் அடுப்பு, கெய்சர் இரண்டும் இந்த முறைக்கு ஆகாது. சமையலுக்கு கேஸ், வெந்நீருக்கு விறகு பாய்லர் அல்லது சோலார் வாட்டர் ஹீட்டர். போர்வெல் மோட்டாரையும் இந்த இன்வெர்ட்டரில் மாட்டாதீர்கள். ஒரு எச்பி மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும் கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். அதற்குத் தனிப் பேனலில் பேட்டரி இல்லாமல் ஓடும் சோலார் பம்ப்தான் சரி. மின்சாரத்தைச் சேமிக்காமல் தண்ணீராக டேங்கில் சேமித்துக்கொள்ளலாம்.

இந்த வீட்டுக்கு 540 வாட் பேனல் நான்கு, அதாவது 2.16 கிலோவாட். மேகமூட்ட நாளில் மூன்றரை, நான்கு யூனிட் கிடைக்கும். சித்திரையில் எட்டு யூனிட்டுக்கு மேல் வரும், பாதி வீணாகும். அதற்காக வருந்த வேண்டாம். துணி துவைப்பது, மாவாட்டுவது, அயர்ன் பண்ணுவது எல்லாவற்றையும் பத்திலிருந்து இரண்டு மணிக்குள் வைத்துக்கொண்டால் வீணாவது குறையும். இன்றைக்குப் பேட்டரியைவிடப் பேனல் மலிவு. மழைக்காலத்துக்குப் பேனலைக் கூட்டுவதே என் தேர்வு.

பேனல் தெற்குப் பார்த்து 10 முதல் 15 டிகிரி சாய்வில் இருக்கட்டும். பத்துக்குக் கீழே போனால் மழைத் தண்ணீர் ஓடாமல் கீழ் விளிம்பில் சேறாகத் தேங்கும். தகரக் கூரைமேல் படுக்க வைத்து ஒட்டினாற்போல் மாட்டாமல் அரை அடியாவது காற்றோட்டம் விட வேண்டும். கோடையில் பேனல் 65 டிகிரி சூடானால் 540 வாட் பேனல் 465 வாட்டுக்கு இறங்கிவிடும்.

நிழலை வைகாசியில் நின்று பார்த்துவிட்டு இடம் குறிக்கக் கூடாது. அப்போது சூரியன் உச்சியைத் தாண்டி வடக்கே இருக்கும், தெற்கே நிற்கும் தென்னை நல்லபிள்ளையாகத் தெரியும். மார்கழியில் கதையே வேறு. திண்டுக்கல் பக்கம் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் 15 மீட்டர் தென்னையின் நிழல் நண்பகலில் வடக்கே 10 மீட்டர் விழும். காலை ஒன்பது மணிக்கு வடமேற்கே 24 மீட்டர் நீளும். ஒரே ஒரு மட்டையின் நிழல் குறுக்கே விழுந்தாலும் பேனலில் மூன்றில் ஒரு பங்கு செயலிழந்துபோகும். மரமும் வளர்ந்துகொண்டே இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

நான்கு பேனலையும் தொடராக, அதாவது சீரியஸில் இணைப்பது நல்லது. ஏன் என்று கணக்குப் பாருங்கள். பேனலிலிருந்து இன்வெர்ட்டருக்கு 20 மீட்டர், போக வர 40 மீட்டர், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிள். சீரியஸில் 166 வோல்ட், 13 ஆம்ப் ஓடும். கேபிளில் இழப்பு 2.3 வோல்ட், ஒன்றரை சதவீதம் கூட இல்லை. அதே நான்கைப் பேரலலில் போட்டால் 41 வோல்ட், 52 ஆம்ப். இழப்பு 9 வோல்ட். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒயரிலேயே போய்விடும், கேபிளும் கொதிக்கும்.

ஆனால் சீரியஸில் போடும்போது ஓபன் சர்க்யூட் வோல்ட்டேஜை (லோடு இல்லாதபோது பேனல் காட்டும் வோல்ட்டேஜ்) பார்க்காமல் போட்டால் கருவியே போய்விடும். 540 வாட் பேனலில் இது 49.5 வோல்ட் அளவில் இருக்கும். பேனல் மின்சாரத்தை அளவாகப் பேட்டரிக்கு விடும் சார்ஜ் கண்ட்ரோலர் 150 வோல்ட் வரை தாங்குவதாக இருந்து, அதில் மூன்று பேனலை மாட்டினால் 148.5 வருகிறது. மீட்டரில் பார்த்தாலும் சரியாகத் தெரியும். ஆனால் அந்த எண் 25 டிகிரிக்கு உரியது. குளிரக் குளிர வோல்ட்டேஜ் ஏறும், டிகிரிக்குச் சுமார் 0.27 சதவீதம். மார்கழி விடியலில் 18 டிகிரியில் முதல் வெயில் பட்டதும் 151-ஐத் தொடும், கண்ட்ரோலர் போச்சு. அந்தக் கருவிக்கு இரண்டு பேனல்தான் அளவு. நான்கை ஒரே சரமாகப் போட 450 அல்லது 500 வோல்ட் தாங்கும் எம்பிபிடி (பேனலிலிருந்து முழு சக்தியை எடுக்கும் சார்ஜர்) உள்ள இன்வெர்ட்டர் வேண்டும். அதிலும் கீழ் எல்லை உண்டு. பலவற்றில் 120 வோல்ட்டுக்குக் குறைந்தால் வேலையே தொடங்காது. விலை குறைவு என்று பிடபிள்யூஎம் வகை சார்ஜ் கண்ட்ரோலர் வாங்கினால் அது 540 வாட் பேனலை 24 வோல்ட் பேட்டரியின் அளவுக்கு இழுத்துவிடும். 27 வோல்ட், 13 ஆம்ப், அதாவது 350 வாட்தான் மிஞ்சும்.

பேட்டரி 48 வோல்ட்டாகவே இருக்கட்டும். 3 கிலோவாட் இழுக்கும்போது 48 வோல்ட்டில் 70 ஆம்ப் ஓடும், 12 வோல்ட்டில் 280 ஆம்ப். பின்னதற்கு எந்த லக்கும் (கேபிள் முனையில் மாட்டும் உலோகக் காது) நீண்ட நாள் தாங்காது.

டியூபுலரா (லெட் ஆசிட் வகை) லித்தியமா என்றால், 12 வோல்ட், 150 ஆம்ப்-அவர் டியூபுலர் நான்கு சேர்த்தால் பெயருக்கு 7.2 யூனிட், பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் கையில் 3.6. 51.2 வோல்ட், 100 ஆம்ப்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 5.12 யூனிட், 90 சதவீதம் எடுக்கலாம், கையில் 4.6. மேகமூட்டத்தில் பாதி சார்ஜில் கிடந்தாலும் லித்தியத்துக்குக் கேடில்லை. கார்த்திகையை மனதில் வைத்தால் எனக்கு இந்த ஒரு காரணமே போதும். டியூபுலர்தான் வாங்க முடியும் என்றால் சி10 (பத்து மணி நேரத்தில் இறக்கி அளந்த கொள்ளளவு) என்று அச்சிட்டதைக் கேட்டு வாங்குங்கள். சி20 (இருபது மணி நேர) அளவில் 150 என்று போட்டது சி10-ல் அதைவிடக் குறைவாகத்தான் வரும். சார்ஜிங் கரண்டை 20 ஆம்ப் அளவில் நிறுத்த வேண்டும், நான்கு பேனல் தரும் 40 ஆம்ப்பை விட்டால் தண்ணீர் கொதித்து இறங்கும். மாதம் ஒருமுறை, முழு சார்ஜுக்குப் பிறகு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். ஆர்ஓ தண்ணீர் கூடாது, ஆசிட் ஊற்றவே கூடாது. ஆசிட்டின் அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் முழு சார்ஜில் 1240 அளவில் காட்டும், நான்கு பேட்டரியில் ஒன்று மட்டும் எப்போதும் பின்தங்கினால் அதுதான் நோயாளி. ஹைட்ரஜன் வெளியேறுவதால் அந்த அறையில் ஊதுபத்தியோ விளக்கோ வேண்டாம்.

லித்தியத்தில் வோல்ட்டேஜைப் பார்த்து அளவு சொல்ல முடியாது. 30 சதவீதத்திலும் 80 சதவீதத்திலும் 52, 53 வோல்ட்தான் காட்டும். பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட்) காட்டும் சதவீதத்தை நம்பலாம், ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது முழுதாக ஏறினால்தான் அந்தக் கணக்கு சரியாகும், செல்களும் சமனாகும். இன்வெர்ட்டரில் சார்ஜ் 56 வோல்ட், ஃப்ளோட் (நிரம்பிய பின் தாங்கி வைக்கும் வோல்ட்டேஜ்) 54, கீழ் கட் 48 என்று வையுங்கள். ஈக்வலைசேஷன் (லெட் ஆசிட்டுக்கு அவ்வப்போது கூடுதல் வோல்ட்டேஜ் ஏற்றுவது) கட்டாயம் ஆஃப். லெட் ஆசிட் அமைப்பை அப்படியே விட்டால் வோல்ட்டேஜ் மிஞ்சி பிஎம்எஸ் திடீரெனத் துண்டிக்கும், பேனல் ஓடிக்கொண்டிருக்கும்போது அப்படி நடந்தால் இன்வெர்ட்டருக்கு ஆபத்து. அதே காரணத்துக்காக மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல்.

பேட்டரி கேபிள் 35 சதுர மில்லிமீட்டர் செம்பு, நீளம் ஒன்றரை மீட்டருக்குள். பாசிட்டிவில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே 125 ஆம்ப் டிசி ஃபியூஸ். லித்தியம் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்ப் பாயும், சாதாரண எம்சிபியால் (மெயின் போர்டில் தானே விழும் சுவிட்ச்) அதை அறுக்க முடியாது. கிளாஸ் டி (T) வகை ஃபியூஸ் கிடைத்தால் அதுவே நல்லது. பேனல் பக்கம் வீட்டு எம்சிபியை மாட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஏசி கரண்ட் நொடிக்கு நூறு முறை பூஜ்ஜியத்தைத் தொடுவதால் அதில் பொறி தானே அணையும். டிசிக்கு அந்த இடைவெளி இல்லை, பொறி எரிந்துகொண்டே இருக்கும், பெட்டியே உருகும். டிசி என்று எழுதியதை வாங்குங்கள். அதிலும் பிளஸ், மைனஸ் குறி இருந்தால் மாற்றி மாட்டினால் அணைக்காது.

பேனல் ஒயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரில் ஒரு கம்பெனி ஆணையும் வேறு கம்பெனி பெண்ணையும் சேர்க்காதீர்கள். கிளிக் என்று பொருந்தும், உள்ளே பிடிமானம் இருக்காது. ஒரு கோடையில் பழுப்பேறி உருகும். பிளையரால் நசுக்கிய கிரிம்பும் (ஒயர் முனையில் உலோகத்தை நசுக்கிப் பிடிக்க வைப்பது) அப்படித்தான். கிரிம்ப் செய்ததும் கையால் பலமாக இழுத்துப் பாருங்கள், துளி நகர்ந்தாலும் வெட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள். மாட்டி ஒரு மாதம் கழித்துப் பேட்டரி நட்டுகளை மறுபடி முறுக்குங்கள். செம்பு லக் சூடும் குளிருமாக மாறி மாறித் தளரும், தளர்ந்த இடத்தில் கேபிள் உறை பளபளப்பு போய்ச் சுருங்கியிருக்கும்.

எர்த் விஷயத்தில் ஒன்று விடுபட்டுப் போகிறது. ஈபி லைனில் நியூட்ரல் டிரான்ஸ்ஃபார்மரிலேயே எர்த்தோடு சேர்ந்திருக்கும். தனி இன்வெர்ட்டரில் பல நேரம் நியூட்ரல் எதோடும் சேராமல் மிதக்கும். அப்போது ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) மாட்டியிருந்தாலும் எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் விழாது. ஆர்சிசிபிக்கு முன்னால், ஒரே ஒரு இடத்தில் நியூட்ரலை எர்த்தோடு இணைக்க வேண்டும். சில இன்வெர்ட்டர் இதைத் தானே செய்யும், கையேட்டில் பார்த்துவிட்டு எலக்ட்ரீஷியனைச் செய்யச் சொல்லுங்கள். பேனல் சட்டத்துக்கும் எர்த் கட்டாயம். இடி அதிகமான இடத்தில் டிசி பக்கமும் ஏசி பக்கமும் எஸ்பிடி (இடி மின்னலால் பாயும் வோல்ட்டேஜைத் தடுக்கும் கருவி) வையுங்கள். அதன் ஜன்னல் பச்சையிலிருந்து சிவப்பானால் மாற்றுங்கள்.

பேனல் துடைப்பது விடியற்காலையில். உச்சி வெயிலில் சூடான கண்ணாடிமேல் தண்ணீர் அடிக்கக் கூடாது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் காய்ந்ததும் வெள்ளைப் படலம் நிற்கும், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். இன்வெர்ட்டர் காற்றுத் துளைகளில் மெல்லிய கம்பி வலை அடியுங்கள். சூட்டுக்கு வந்து போர்டில் ஒண்டும் பல்லியால் ஷார்ட்டாகும் இன்வெர்ட்டர்கள் ஏராளம்.

மழைக்காலத்தில் காலை ஆறு மணி சதவீதத்தைத் தினமும் குறித்து வையுங்கள். 30-க்குக் கீழே இருந்து வானமும் மூடியிருந்தால் அன்றைக்கு ஃபிரிட்ஜ், டிவி, வாஷிங் மெஷின் மூன்றும் ஓய்வு. நான்கு யூனிட் வீடு மூன்றுக்கு இறங்கும், அடைமழையிலும் பேனல் ஒன்றரை தந்தால் நாளுக்கு ஒன்றரை யூனிட்தான் பற்றாக்குறை. நிரம்பிய லித்தியம் அப்படியே மூன்று நாள் இழுக்கும். அதற்கு மேலும் மழை விடாவிட்டால் 2 கேவிஏ ஜெனரேட்டர். இன்வெர்ட்டரில் ஏசி சார்ஜிங்கை 20 ஆம்ப்பில் நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் ஓட்டினால் இரண்டு யூனிட் ஏறும், அன்றைய இரவு கழியும்.