அந்தமான் போய் வந்த கதை

கிருஷ்ணகிரி வந்து இரண்டு நாளாகியும் பையிலிருந்து கடல் மணல் உதிர்கிறது. நாங்கள் போனது போர்ட் பிளேர், 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்ட ஊர். அபர்தீன் பஜாரில் தமிழிலேயே பேரம் பேசினேன், ஆனாலும் ஏமாந்தேன்!

கரையில் கிடந்த பவளத் துண்டைச் சின்னவன் பைக்குள் போட்டிருக்கிறான். விமான நிலையச் சோதனையில் எடுத்துவிட்டார்கள். பவளத்தைப் பொறுக்கவே கூடாதாம். சங்கு, சிப்பி வேண்டுமென்றால் கடையில் ரசீதோடு வாங்க வேண்டும். நல்லவேளை, என் சங்குக்கு ரசீது இருந்தது.

சாப்பாடு? தேங்காய்ப் பால் ஊற்றிய மீன் குழம்பு, அடடா! அப்பாதான் மூன்றாம் நாளே, “ஒரு உருண்டை களி கிடைக்குமா?” என்று ஓட்டல்காரரைக் கேட்டுவிட்டார்.

அம்மாவுக்கு, அந்தமானில் வளரும் படாக் மரத்தில் செய்த கரண்டி வாங்கி வந்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அழகாத்தான் இருக்கு. களி கிளற ஆகாது.”