ஓரல் மியூகோசா: கண்ணாடி முன் நின்று படிக்க வேண்டிய பாடம்

பி.டி.எஸ். (பல் மருத்துவப் படிப்பு) முதல் வருடத்தில் பல்லின் எனாமலுக்கும் டென்டினுக்கும் உயிரைக் கொடுத்துவிட்டு, வாயின் உட்புறத்தை மூடியிருக்கும் ஓரல் மியூகோசாவைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுகிறவர்கள்தான் அதிகம். என்னைக் கேட்டால் முதலில் எடுக்க வேண்டிய பாடமே இதுதான். பாதி பாடம் உங்கள் வாயிலேயே இருக்கிறது.

கீழுதட்டை இழுத்துக் கண்ணாடியில் பாருங்கள். பல்லை ஒட்டி வெளிறிய ஈறு. அதற்குக் கீழே சட்டென்று நிறம் மாறி, சிவந்து, இரத்தக் குழாய்கள் தெரியும் பகுதி. இரண்டும் சேரும் கோடுதான் மியூகோஜிஞ்சைவல் ஜங்ஷன். (நம்மில் பலருக்கு ஈறு பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். அது மெலனின், நோய் இல்லை.) ஈறை விரலால் தள்ளினால் அசையாது, கோட்டுக்குக் கீழே தள்ளினால் நகரும்.

ஏன் என்று கேட்டுவிட்டால் மனப்பாட வேலை பாதி குறையும். ஈறும் முன் அண்ணமும் மெல்லும்போது உரசலைத் தாங்க வேண்டும். அதனால் மேலே கெரட்டின் என்ற கடினப் புரத அடுக்கு, அடியில் நீளமான ரீட்டி பெக்ஸ் (மேல் அடுக்கான எபிதீலியம் கீழ்நோக்கி விரல்போல் நீளும் பகுதிகள்). ஈறில் சப்மியூகோசா (மியூகோசாவுக்கு அடியிலுள்ள திசு அடுக்கு) இல்லாமல் எலும்போடு நேரடிப் பிடிப்பு. கன்னம் விரிய வேண்டும். அதனால் அங்கே கெரட்டின் கிடையாது, எலாஸ்டிக் நார்கள் உண்டு, சப்மியூகோசாவும் உண்டு. அண்ணத்தில் ஊசி போட்டால் ஏன் அவ்வளவு வலிக்கிறது, நெஞ்சுவலி மாத்திரையை ஏன் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்கிறார்கள் என்பதற்கெல்லாம் இங்கேயே பதில் இருக்கிறது. அண்ணத்துத் திசு இறுகிக் கிடப்பதால் மருந்து பரவ இடமில்லை. நாக்கின் அடியில் எபிதீலியம் மெல்லியது, மருந்து உடனே இரத்தத்தில் சேர்ந்துவிடும்.

மொத்த மியூகோசாவில் கன்னம் போல விரியும் லைனிங் வகை சுமார் 60 சதவீதம், ஈறு போல மெல்லுவதைத் தாங்கும் மாஸ்டிகேட்டரி 25, நாக்கின் மேற்புறத்து ஸ்பெஷலைஸ்டு 15. இதை மட்டும் அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்பார்கள்.

ஸ்பாட்டருக்கு, அதாவது மைக்ரோஸ்கோப்பில் ஸ்லைடைப் பார்த்து அடையாளம் சொல்லும் தேர்வுக்கு வருவோம். பலர் எடுத்தவுடனே ஹை பவரில் கெரட்டினைத் தேடுவார்கள். வேண்டாம். லோ பவரில் வைத்து, எபிதீலியத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு பக்கம் முடி வேர், மறுபக்கம் மியூகோசா, நடுவில் தசை என்றால் உதடு. எல்லாத் திசையிலும் ஓடும் தசைக்கட்டுகள் என்றால் நாக்கு. கடின அண்ணத்தில் முன்பக்கம் கொழுப்பு, பின்பக்கம் சுரப்பிகள். அப்புறம் மேலே வாருங்கள். கெரட்டின் அடுக்கில் சுருங்கிய நியூக்ளியஸ் தெரிந்தால் பாராகெரட்டின்; ஈறில் பெரும்பாலும் அதுதான்.

நாக்கின் மேற்புறத்துச் சிறு மேடுகள்தான் பாப்பிலா. அவற்றில் ஃபிலிஃபார்ம் பாப்பிலாவில் சுவை மொட்டு கிடையாது. வேண்டுமென்றே குழப்புவதற்குக் கேட்கப்படும் கேள்வி அது. சர்கம்வேலட் பாப்பிலாவில் அதைச் சுற்றியுள்ள பள்ளத்தின் பக்கச் சுவரில் மொட்டுகளை வரையுங்கள். அடியில் வான் எப்னர் சுரப்பியை விட்டுவிடாதீர்கள்.

படம் வரையும்போது ரீட்டி பெக்ஸின் கோட்டை முதலில் போட்டு, வயலெட், பிங்க் பென்சில்களைப் பிறகு எடுங்கள். கலர் அடித்தே இருபது நிமிடத்தைத் தொலைப்பவர்கள் கடைசிக் கேள்வியைத் தொடுவதே இல்லை.