கோயில் நோட்டீசும் லினக்ஸ் மிண்டும்

என் மடிக்கணினிக்கு ஒரு நோயும் இல்லை. ஆறாம் தலைமுறை ஐ5, எட்டு ஜிபி ராம். ஆனால் விண்டோஸ் 11 ஏற வேண்டுமென்றால் இன்டெல் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்தது. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் கல்யாணக் கார்டும் கோயில் நோட்டீசும் அடித்துக் கொடுத்துப் பிழைக்கிறவளுக்கு, ஓடுகிற மெஷினை ஓரங்கட்டிவிட்டுப் புதுசுக்கு ரெண்டாயிரம் வெள்ளி புரட்டுவது என்ன லேசா?

பாயான் லெப்பாசில் வேலை செய்யும் அண்ணன் மகன், தீபாவளிக்கு வந்தபோது பென்டிரைவில் லினக்ஸ் மிண்ட் கொண்டுவந்தான். விண்டோசுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம் அது. "பிடிக்கலன்னா உருவிடுங்க அத்தே, உள்ள இருக்கிறது அப்படியே இருக்கும்லா" என்றான். உண்மைதான், பதியாமலே ஓட்டிப் பார்க்கலாம். மெனு இடது கீழ் மூலையில், கடிகாரம் வலது மூலையில். பழகிய இடங்கள்தான். பதிந்துவிட்டோம்.

படுத்தியது எழுத்துரு. என் நோட்டீஸ்கள் எல்லாம் லதா என்ற எழுத்துருவில் இருந்தன. அது விண்டோசோடு வருவது, மிண்டில் கிடையாது. மிண்டில் வேர்டுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரெ ஆபிஸ் வேறொன்றைப் போட்டுத் திறக்க, அகலம் மாறி, உபயக்காரர் பட்டியல் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிட்டது. உபயக்காரர் பெயர் இடம் மாறினால் என்ன ரகளை ஆகும் என்று தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவில் எல்லா மாதிரிகளையும் மறுபடி கட்டினேன். அலுப்பு பிடித்த வேலை.

தட்டச்சுதான் என்னை மாற்றியது. இத்தனை வருடமும் நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில், ஆங்கில ஒலிப்படி அடித்தே பழக்கம். மிண்டில் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாக ஒலிப்பு முறையும் கிடைக்கிறது, ஆனால் சில எழுத்துகளுக்கு விசை வேறு. விரல் தடுமாறியது. எப்படியும் புதுசாகப் பழகப் போகிறோம், தமிழ்99-ஐயே பழகிவிடலாம் என்று இறங்கினேன். 1999-இல் சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற விசைப்பலகை அது. உயிரெழுத்து இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு; நடுவில் புள்ளி தானாக விழும். 'தங்கம்' அடிக்கும்போது ங-வுக்குப் பின் க வந்தாலே ங-வுக்கும் புள்ளி வந்துவிடும். (முரசு அஞ்சலிலும் தமிழ்99 உண்டு. அப்போது அவசியம் வரவில்லை, அவ்வளவுதான்.)

கல்யாணக் கார்டுக்கு ஆள் ஒரு வாரம் பொறுப்பார். கருமாதி நோட்டீசுக்கு வருகிறவர் கடை வாசலிலேயே நிற்பார். எல்பில் தோட்டத்துப் பக்கமிருந்து வந்த ஒரு தாத்தா பேரன் பேத்தி பெயர்களைச் சொல்லச் சொல்ல நிறுத்தாமல் அடித்தேன். அவர் மூச்சு வாங்கத்தான் நான் காத்திருந்தேன்.

புதுப்பிப்பு வந்தால் கீழே கேடயக் குறி காட்டும். கடை சாத்திய பிறகு அழுத்துகிறேன். இன்னும் சரிவராதது கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளின் கோப்பு. கார்டு வடிவமைக்கும் நண்பர் அனுப்புவதை மிண்டில் ஓடும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் திறக்கிறது, ஆனால் எழுத்து கலைந்துபோகிறது. பிடிஎஃப்பாக அனுப்பச் சொல்லியிருக்கிறேன். "உன்னோட ஒரே வம்புலா" என்று முனகிக்கொண்டே அனுப்புகிறார்.