தோல் பதிலி ஒட்டுவதற்கு முன்

சீனி வருத்தத்தில் கால் புண் ஆறாமல் இழுபட்டால், "இப்ப தோல் மாதிரி ஒண்டு ஒட்டுறாங்களாமே?" என்று வீட்டார் கேட்பது வழக்கமாகிவிட்டது. தோல் பதிலி எனப்படும் அதை ஒட்டலாம்தான். ஆனால் அதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

முதலில் இரத்த ஓட்டம். கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் இரத்த அழுத்தத்தால் வகுத்து 0.9க்குக் குறைந்தால் நாளத்தில் அடைப்பு. 1.3க்கு மேல் வந்தால் சந்தோசப்பட வேண்டாம். கல்சியம் படிந்து இறுகிய நாளம் காட்டும் பொய்க் கணக்காக இருக்கலாம். அப்போது பெருவிரல் அழுத்தத்தை அளக்க வேண்டும். அது 30 மில்லிமீற்றர் இரசத்துக்குக் கீழே என்றால் நாள சத்திரசிகிச்சை நிபுணரிடம் உடனே போக வேண்டும். புண்ணுக்குள் விட்ட மழுங்கல் கம்பி எலும்பில் முட்டினால் எலும்பிலும் கிருமி இருக்கிறதா என்று தேட வேண்டும். இவை தீராமல் ஒட்டுவது காசுக்குக் கேடு.

அடுத்தது சீவுதல். புண் விளிம்பில் தடித்த காய்ப்புத் தோல் ஒவ்வொரு அடியிலும் உள்ளே அழுத்துகிறது. அதையும் மஞ்சள் அழுகலையும் ஒவ்வொரு கிளினிக்கிலும் எடுக்க வேண்டும். இரத்தம் போகாத குதிக்காலில் காய்ந்து இறுகிய கறுப்புப் பொருக்குக்கு மட்டும் கை வைக்கக்கூடாது.

"காத்துப் பட்டால் காயும்" என்பது சரிதான், ஆனால் காய்வதும் ஆறுவதும் வேறு வேறு. ஈரமாக மூடிய காயத்தில் மேல்தோல் ஏறக்குறைய இருமடங்கு வேகமாகப் படருவதை ஆய்வாளர் ஜோர்ஜ் விண்டர் 1962இல் பன்றிகளில் காட்டினார். வறண்ட புண்ணுக்கு ஈரம் தரும் ஹைட்ரோஜெல். நீர் வடிந்தால் அதை உறிஞ்சும் அல்ஜினேற் (கடற்பாசி நார்க் கட்டு) அல்லது போம் (பஞ்சு போன்ற கட்டு). மாற்றிப் போட்டால் வறண்ட புண்ணில் அல்ஜினேற் ஒட்டிக்கொள்ளும், வடியும் புண்ணில் ஜெல் விளிம்பை ஊறவைக்கும். கொழும்பின் புழுக்கத்தில் இந்த ஊறல் சீக்கிரம் வரும்: சுற்றுத்தோல் வெள்ளையாகச் சுருங்கினால் கட்டை இன்னும் அடிக்கடி மாற்றுங்கள், அல்லது அதிகம் உறிஞ்சும் ஒன்றுக்குப் போங்கள். காய்ந்த கோஸ் துணியை இழுத்துப் பிய்த்தால் புதுத்தோலும் கூடவே வரும். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெரொக்சைட் வேண்டாம், சேலைன் போதும்.

இத்தனையும் ஒழுங்காகச் செய்து 4 வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறையாவிட்டால்தான் தோல் பதிலிக்கு இடம். 3 சென்ரிமீற்றர் நீளம், 2 அகலம் என்றால் பெருக்கி 6. அது 3க்கு மேலேயே நின்றால் பேசலாம். அப்லிகிராஃப் என்ற பதிலி, மாட்டுக் கொலாஜன் புரதத்தில் மனித உயிரணுக்களை வளர்த்த ஈரடுக்கு. சீனி வருத்தக் கால் புண்ணுக்கு அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு அனுமதி கிடைத்தது. கொட் மீன் தோலிலும் பனிக்குட உறையிலும் செய்தவையும் உண்டு. அப்லிகிராஃப் நிரந்தரத் தோலாக நிற்பதில்லை. அதன் அணுக்கள் சில வாரம் இருந்து, நமது தோலை வளரத் தூண்டிவிட்டுப் போய்விடும்.

ஒட்டும்போது இரத்தக் கசிவு முழுதாக நின்றிருக்க வேண்டும். கீழே நீர் தேங்கினால் பிடிக்காது, அதனால்தான் பதிலியில் சிறு கீறல்கள் இடுகிறார்கள். மேலே ஒட்டாத வலை, அதற்கு மேல் அழுத்தம் தர போம். கட்டின் உள் அடுக்கை ஏறக்குறைய ஒரு வாரம் தொடக்கூடாது. அதன் பின் மஞ்சள் ஜெல்லாகத் தெரிவதைச் சீழென்று துடைத்தெடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. அது பெரும்பாலும் பதிலியேதான். சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ கதை வேறு, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இனி புண்ணில் விழும் பாரத்தைக் குறைப்பது. உள்ளங்கால் புண்ணுக்கு முழங்கால்வரை போடும் கழற்றமுடியாத கட்டுத்தான் முதல் தெரிவு, கிருமியும் இரத்த ஓட்டக் குறைவும் இல்லாதபோது. கழற்றக்கூடியதைப் போட்டவர்கள் குளியலறைக்கு "பத்தடிதானே" என்று கழற்றிவிட்டு நடப்பார்கள்; ஒட்டியது உரசி நகர அந்தப் பத்தடி போதும். வீட்டுக்குள் வெறுங்கால், மத்தியான வெயிலில் கோயில் வீதிக் கல், மழைவெள்ளம் மூன்றும் விலக்கு. புண் மூடியபின்னும் ஓராண்டுக்குள் பத்தில் நாலு பேருக்குத் திரும்ப வருகிறது. அதனால் கட்டைக் கழற்றும் நாளுக்கு முன்பே அளவெடுத்த சப்பாத்து கைக்கு வந்திருக்க வேண்டும்.